நல்லிணக்கத்தின் செலவு யார் கணக்கில்?

1999 ஜூலை 7 அன்று டோகோவின் தலைநகர் லோமேயில், சியரா லியோன் போரை நிறுத்துவதற்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. கிளர்ச்சிப்படையான புரட்சிகர ஐக்கிய முன்னணியின் தலைவர் ஃபோடே சாங்கோவுக்கு முந்தைய ஆண்டுதான் ராஜத்துரோகக் குற்றத்துக்காக மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. இந்த ஒப்பந்தம் அவருக்குத் துணை ஜனாதிபதிக்கு நிகரான தகுதியைக் கொடுத்தது. கூடவே, வைரம் உள்ளிட்ட கனிம வளங்களை நிர்வகிக்கும் ஆணையத்தின் தலைமைப் பதவியையும் தந்தது. அந்த வைரங்களை விற்றுத்தான் அவருடைய படை துப்பாக்கி வாங்கிக்கொண்டிருந்தது. போரில் ஈடுபட்ட எல்லாத் தரப்புக்கும் முழுப் பொதுமன்னிப்பு. அங்கே இருந்த ஐ.நா. பிரதிநிதி ஃபிரான்சிஸ் ஒகெலோ, கையெழுத்திடும்போது தன் கைப்பட ஒரு குறிப்பைச் சேர்த்தார். இனப்படுகொலை, மானுடத்துக்கு எதிரான குற்றங்கள், போர்க்குற்றங்கள் ஆகியவற்றுக்கு இந்த மன்னிப்பு பொருந்தாது என்பதே ஐ.நா.வின் புரிதல் என்று அது சொன்னது. பின்னாளில் ஒரு சர்வதேச நீதிமன்றத்தை எழுப்ப அந்த ஒற்றைக் குறிப்பு கால்கோளாக இருந்தது.

இத்தனை அவமானகரமான ஒப்பந்தத்துக்கு அரசு ஏன் இணங்கியது? வேறு வழி இல்லை. அந்த ஆண்டு ஜனவரி 6 அன்று கிளர்ச்சியாளர்கள் தலைநகர் ஃப்ரீடவுனுக்குள் புகுந்தார்கள். அடுத்த சில வாரங்களில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். வீடுகளுக்குள் மக்களை அடைத்துத் தீ வைத்தார்கள். சிறுபிள்ளைகள் உள்படப் பலருடைய கைகள் வெட்டப்பட்டன. நகரை மீட்டது நைஜீரியா தலைமையிலான மேற்கு ஆப்பிரிக்கப் படை. அந்த நைஜீரியாவும் ராணுவ ஆட்சியிலிருந்து ஜனநாயகத்துக்கு மாறிய கையோடு, செலவும் உயிரிழப்பும் போதும் என்று படையைத் திரும்ப அழைக்கத் தயாராக இருந்தது. ஜனாதிபதி அகமது தேஜான் கப்பாவிடம் நம்பத்தக்க ராணுவம் கிடையாது. 1997இல் அவரைக் கவிழ்த்ததே அவருடைய ராணுவம்தான்.

இந்தப் போரைப் பற்றி வெளியுலகுக்குத் தெரிந்த கதை வைரக் கதை. ஹாலிவுட் படம் ஒன்றும் வந்ததால் அது இன்னும் ஆழமாகப் பதிந்துவிட்டது. கோனோ மாவட்டத்து வைரம் போரை நீட்டித்தது உண்மை. ஆனால் போரைத் தொடங்கி வைத்தது வைரம் அல்ல என்பதுதான் பிற்பாடு அமைந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் முடிவு. அது குற்றம் சாட்டியது பல பத்தாண்டுகள் நீண்ட ஊழல் ஆட்சியை. ஜனாதிபதியாக இருந்த சியாகா ஸ்டீவன்ஸ் ஒரு கட்சி ஆட்சியை நிறுவினார். எதிர்க்கட்சிக்குச் செல்வாக்கான தென்கிழக்குப் பகுதிக்குப் போன ரயில் பாதையும் அவர் காலத்தில்தான் மூடிப் பெயர்க்கப்பட்டது. கிராமங்களில் பாரம்பரியத் தலைவர்கள் வைத்ததே சட்டம். அவர்கள் விதித்த அபராதத்தைக் கட்ட முடியாத இளைஞன் ஊரைவிட்டு ஓடினான். நிலமும் கிடைக்காது, பெண்ணும் கிடைக்காது. 1991 மார்ச் 23 அன்று லைபீரியாவிலிருந்து எல்லை தாண்டி, கைலாஹுன் மாவட்டத்தின் பொமாரு கிராமத்துக்குள் சாங்கோவின் ஆட்கள் நுழைந்தபோது, அவர்களுக்குப் பின்னால் லைபீரியாவின் கிளர்ச்சித் தலைவரும் பின்னாளைய ஜனாதிபதியுமான சார்ல்ஸ் டெய்லர் இருந்தார். முன்னால் இத்தகைய இளைஞர்கள் ஏராளமாக இருந்தார்கள். பலர் விரும்பிச் சேர்ந்தார்கள். அதைவிடப் பலர் கடத்தப்பட்டார்கள்.

அமைதிப்படை என்றதும் தமிழ் வாசகருக்கு 1987 ஈழம் நினைவுக்கு வரும். அது இரு அரசுகளின் ஒப்பந்தப்படி ஒரே நாடு அனுப்பிய படை. இங்கே வந்தது ஐ.நா. பாதுகாப்பு அவை 1999 அக்டோபரில் அமைத்த பன்னாட்டுப் படை. முதலில் அனுமதிக்கப்பட்டது 6,000 பேர். உடனடி ஆபத்திலிருக்கும் பொதுமக்களைக் காக்கும் பொறுப்பு ஓர் ஐ.நா. படைக்கு வெளிப்படையாக எழுதித் தரப்பட்டது இதுவே முதல் முறை. முதல் தளபதி இந்தியாவின் மேஜர் ஜெனரல் விஜய் குமார் ஜேட்லி.

எழுத்தில் கொடுத்த பொறுப்புக்கு ஏற்ற வலு அந்தப் படையிடம் இல்லை. 2000 மே மாதத் தொடக்கத்தில் கிளர்ச்சியாளர்கள் ஏறத்தாழ 500 அமைதிப்படையினரைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய சீருடைகளையும் கவச வாகனங்களையும் பறித்துக்கொண்டார்கள். கிழக்கே கைலாஹுனில் இந்தியப் படையினர் இருநூற்றுச் சொச்சம் பேர் இரண்டு மாதங்களுக்கு மேல் முற்றுகையில் கிடந்தார்கள். ஜூலை நடுவில் 'ஆபரேஷன் குக்ரி' என்ற நடவடிக்கையில் அவர்கள் முற்றுகையை உடைத்து வெளியேறினார்கள். இந்தியாவில் அது வீரக் கதையாகச் சொல்லப்படுகிறது, தகும். அதன் பின்கதையை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. படைக்குள் இருந்த நைஜீரிய உயரதிகாரிகள் கிளர்ச்சியாளர்களுடன் வைர விஷயத்தில் கள்ள உறவு வைத்திருக்கிறார்கள் என்று ஜேட்லி எழுதிய அறிக்கை வெளியே கசிந்தது. நைஜீரியா கொதித்தது. சில வாரங்களில் இந்தியா தன் படையைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. தளபதி பொறுப்பு கென்யாவின் டேனியல் ஒபாண்டேயிடம் போனது.

பிணையாளிகளில் பெரும்பாலோரை விடுவிக்கப் பேசி முடித்தவர் யார் தெரியுமா? சார்ல்ஸ் டெய்லர். கிளர்ச்சியாளர்களுக்கு ஆயுதம் கொடுத்தவரே சமாதானத் தூதரானார். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவரைக் குற்றவாளி என்று அறிவித்த நீதிபதிகள், அவர் அமைதி பேசிக்கொண்டே ஆயுதமும் அனுப்பினார் என்று பதிவு செய்தார்கள்.

2000 மே நெருக்கடிக்குப் பின் சில மாதங்களில் நிலைமை தலைகீழானது எப்படி என்பதற்கு ஐ.நா. தன் படையின் விரிவாக்கத்தைக் காரணமாகச் சொல்லும்: அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை 6,000இலிருந்து 11,100 ஆகி, 13,000 ஆகி, 2001 மார்ச்சில் 17,500 வரை உயர்ந்தது. அன்றைய உலகின் மிகப் பெரிய ஐ.நா. படை அது, காத்தது தமிழ்நாட்டின் பரப்பில் பாதியைவிடச் சற்றே பெரிய நாட்டை. பிரிட்டன் தன் படையிறக்கத்தைக் காரணமாகச் சொல்லும். மே மாதம் ஃப்ரீடவுன் விமான நிலையத்தைப் பாதுகாத்தது அவர்கள்தான். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இந்த வெற்றிக் கதைகளில் கினி நாட்டு ராணுவத்துக்கு இடமே இருப்பதில்லை. 2000 இறுதியில் எல்லை தாண்டிக் கினியைத் தாக்கப்போன கிளர்ச்சியாளர்களைக் கினி குண்டு வீசி நொறுக்கியது. வைரத்துக்கும் டெய்லருக்கும் பாதுகாப்பு அவை போட்ட தடைகள் வரவை அடைத்தன. சாங்கோ மே மாதமே மக்களிடம் அகப்பட்டுச் சிறையில் இருந்தார். தோற்றுக்கொண்டிருந்த ஒரு படையிடம் ஆயுதத்தை வாங்குவதற்குத்தான் 17,500 பேர் போனார்கள். அமைதிப்படை அமைதியை உண்டாக்கியது என்பதைவிட, வேறு பலர் உண்டாக்கிய தருணத்தை அது நழுவவிடவில்லை என்பதே சரி. அதுவும் சின்ன வேலை அல்ல. கோனோ, கைலாஹுன் போன்ற மாவட்டங்களில் நாள் கணக்கில் நின்று துப்பாக்கிகளை எண்ணி வாங்கியவர்கள் பாகிஸ்தானியரும் வங்கதேசத்தவரும்.

2002 ஜனவரி 18 அன்று போர் முடிந்ததாகக் கப்பா அறிவித்தார். துப்பாக்கிகள் குவித்து எரிக்கப்பட்டன. அந்தப் போரில் 50,000 பேர் அளவில் இறந்ததாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. நாட்டின் மக்கள்தொகையில் பாதிக்கு நெருக்கமானோர் இடம்பெயர்ந்தார்கள். ஆயுதம் ஒப்படைத்தவர்கள் 72,490 பேர். அவர்களில் 6,845 பேர் சிறார்.

ஆயுதம் கொடுப்பவருக்குத் திட்டத்தின் தொடக்கத்தில் அறிவிக்கப்பட்ட உதவித்தொகை 300 டாலர், இரண்டு தவணை. பிறகு தச்சு, தையல், கட்டட வேலை என்று ஆறு மாதப் பயிற்சியும் கருவிப் பெட்டியும். போராளி என்று நிரூபிக்கத் துப்பாக்கி வேண்டும். பல முகாம்களில் அதைப் பிரித்து மாட்டியும் காட்ட வேண்டும். இந்த விதியை எழுதியவர்கள் மனதில் ஓர் ஆண்பிள்ளைதான் இருந்திருக்க வேண்டும். கடத்தப்பட்ட பெண்கள் சமைத்தார்கள், சுமந்தார்கள், வேவு பார்த்தார்கள், சிலர் சுட்டார்கள்; தளபதிகளுக்கு 'மனைவி'யாக்கப்பட்டார்கள். கையில் துப்பாக்கி இல்லாததால், அல்லது இருந்த துப்பாக்கியைத் தளபதி பிடுங்கித் தனக்கு வேண்டியவனுக்குக் கொடுத்ததால், வரிசையில் அவர்களுக்கு இடம் இல்லை. ஆயுதம் ஒப்படைத்ததாகப் பதிவான சிறாரில் பெண் பிள்ளைகள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இந்தத் திட்டத்தால் என்ன பயன் விளைந்தது என்று அரசியல் ஆய்வாளர்கள் மக்கார்டன் ஹம்ஃப்ரீஸ், ஜெரமி வைன்ஸ்டீன் இருவரும் 2003இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முன்னாள் போராளிகளிடம் கேட்டார்கள். திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கும் சேராதவர்களுக்கும் ஊரோடு ஒட்டுவதில் பெரிய வித்தியாசம் தென்படவில்லை. வித்தியாசத்தை உண்டாக்கியது வேறு ஒன்று: ஒருவன் இருந்த படைப்பிரிவு மக்களை எவ்வளவு கொடுமைப்படுத்தியது என்பது. கொடிய பிரிவுகளிலிருந்து வந்தவர்களை ஊர் ஏற்க மறுத்தது. ஊருக்கு ஞாபகம் இருந்தது; பயிற்சிச் சான்றிதழ் அதை மாற்றவில்லை.

திட்டம் யோசிக்காத ஒன்று தானாக நடந்தது. போ, மகெனி, கெனெமா நகரங்களில் முன்னாள் போராளிகள் மோட்டார் சைக்கிளை வாடகைக்கு ஓட்டத் தொடங்கினார்கள். அங்கே அதற்கு 'ஒகாடா' என்று பெயர். அரசுப் பக்கம் நின்ற ஊர்க்காவல் படையினரும் அவர்களுடன் மோதிய கிளர்ச்சியாளர்களும் ஒரே ஓட்டுநர் சங்கத்தில் உறுப்பினர்களானார்கள். போலீஸ்காரர் பணம் பறித்தால் ஒன்றாகப் போய் நின்றார்கள். என் பார்வையில் அந்நாட்டின் உறுதியான நல்லிணக்க முயற்சிகளில் இது ஒன்று. இதற்கு எந்த நன்கொடையாளரும் பெயர் வைக்கவில்லை.

அடுத்தது நீதி. இங்கேதான் சியரா லியோன் உலகத்துக்கே சோதனைக்கூடமானது. லோமே ஒப்பந்தம் உண்மை ஆணையத்தை வாக்களித்திருந்தது. 2000 மே நெருக்கடிக்குப் பின் கப்பாவே ஐ.நா.வுக்குக் கடிதம் எழுதிச் சிறப்பு நீதிமன்றம் கேட்டார். இரண்டும் 2002இல் ஒரே நகரத்தில், ஒரே நேரத்தில் வேலை தொடங்கின. ஒன்று 'பேசுங்கள், மன்னிப்போம்' என்றது. மற்றொன்று 'மிகப் பெரிய பொறுப்பு வகித்தவர்களைத் தண்டிப்போம்' என்றது. ஆணையத்திடம் சொன்னது நீதிமன்றத்துக்குப் போய்விடுமோ என்ற பயத்தில் பல முன்னாள் போராளிகள் வாய் திறக்கவில்லை.

இந்த முரண் சாம் ஹிங்கா நார்மன் விஷயத்தில் வெட்டவெளிச்சமானது. கமாஜோர் என்ற வேட்டைக்காரப் படையை முன்னிறுத்திக் கிளர்ச்சியாளர்களை எதிர்த்தவர் அவர். தெற்கில் அவர் ஒரு மீட்பர். உள்துறை அமைச்சராக இருந்தபோதே, 2003 மார்ச்சில், சிறப்பு நீதிமன்றம் அவரைக் கைது செய்தது. சிறுவர்களைப் படையில் சேர்த்தது, எதிரிக்கு உதவியதாகச் சந்தேகப்பட்டவர்களைக் கொன்றது ஆகியவை குற்றச்சாட்டுகள். ஆணையத்தின் முன் வெளிப்படையாகப் பேச வேண்டும் என்று நார்மன் கேட்டார், ஆணையமும் அழைத்தது, நீதிமன்றம் அனுமதிக்கவில்லை. தீர்ப்பு வருவதற்கு முன்பே, 2007 பிப்ரவரியில், அறுவைச் சிகிச்சைக்காகச் செனகல் கொண்டுபோன இடத்தில் அவர் இறந்தார். தேசம் கேட்க விரும்பிய ஒரு சாட்சியத்தைத் தேசத்துக்காக அமைந்த நீதிமன்றமே அடைத்தது.

அவருடன் விசாரிக்கப்பட்ட இருவருக்கு முதலில் கிடைத்த தண்டனை ஆறும் எட்டும் ஆண்டுகள். ஜனநாயக அரசைக் காக்கப் போராடியதை விசாரணை நீதிபதிகள் தண்டனைக் குறைப்புக்குக் காரணமாக எடுத்துக்கொண்டார்கள். நோக்கம் நல்லது என்பதால் கொலை சிறிதாகிவிடாது என்று மேல்முறையீட்டில் அது 15, 20 ஆண்டுகளாக உயர்ந்தது. இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் இடையிலுள்ள தூரம்தான் எந்த உள்நாட்டுப் போரிலும் மிகக் கடினமான கேள்வி என்று நினைக்கிறேன். எதிரியின் குற்றத்தைக் கண்டிப்பது எளிது. நம்மைக் காத்தவனின் குற்றத்தை எப்படி அளப்பது?

நீதிமன்றத்தின் சாதனைகளைக் குறைத்துச் சொல்ல முடியாது. சிறார்களைப் படையில் சேர்த்த குற்றத்துக்கு உலகின் முதல் சர்வதேசத் தண்டனை இங்கேதான் 2007இல் வந்தது. கட்டாயத் திருமணம் மானுடத்துக்கு எதிரான குற்றம் என்று 2008இல் ஏற்கப்பட்டதும் இங்கேதான். துப்பாக்கி வரிசையில் இடம் கிடைக்காத பெண்களுக்கு நடந்தது சட்டத்தின் கண்ணில் பட்டது அப்போதுதான். 2012இல் டெய்லருக்கு 50 ஆண்டுச் சிறை. மொத்தம் தண்டிக்கப்பட்டவர்கள் ஒன்பது பேர். செலவு 20 கோடி டாலருக்கும் மேல். சாங்கோ விசாரணைக்கு முன்பே சிறைக்காவலில் இறந்துவிட்டார்.

உண்மை ஆணையத்துக்குக் கிடைத்தது நீதிமன்றச் செலவில் ஒரு சிறு துளி. அதை வைத்துக்கொண்டு 7,706 வாக்குமூலங்கள் திரட்டினார்கள். பதிவான மீறல்களில் ஏறத்தாழ 60 சதவீதத்தைக் கிளர்ச்சிப்படையின் கணக்கில் எழுதினார்கள். அரசுப் பக்கத்தையும் விட்டுவைக்கவில்லை. ஆணையர்கள் எழுவரில் ஒருவர் தென்னாப்பிரிக்க வழக்கறிஞர் யாஸ்மின் சூக்கா. இலங்கைப் போரின் இறுதிக் கட்டம் குறித்து ஐ.நா. பொதுச்செயலாளர் 2010இல் அமைத்த மூவர் குழுவிலும் அவர் இருந்தார். போருக்குப் பின் இலங்கை அரசு அமைத்த ஆணைக்குழு பொறுப்புக்கூறலுக்குப் போதாது என்று அந்தக் குழு சொன்னபோது, அதன் பின்னால் ஃப்ரீடவுன் அனுபவமும் இருந்திருக்கும்.

ஆணையத்தின் அமர்வுகள் மக்களிடம் எப்படி எடுபட்டன? டிம் கெல்சால் என்ற ஆய்வாளர் 2003இல் மக்புராகா நகரில் நாள் கணக்கில் உட்கார்ந்து பார்த்தார். சாட்சிகள் வழவழவென்று பேசினார்கள். முன்னாள் போராளிகள் தமக்கு ஒன்றும் தெரியாது என்றார்கள். கூட்டம் சோர்ந்து உட்கார்ந்திருந்தது. கடைசி நாள் சடங்கில், அதே ஆட்கள் பெரியவர்கள் முன் பணிந்து மன்னிப்புக் கேட்டபோதுதான் அரங்கம் உருகியது. மானுடவியலாளர் ரோசாலிண்ட் ஷா இன்னும் ஒரு படி மேலே போனார். வடக்குப் பகுதி மக்களுக்கு 'பேசித் தீர்ப்பது' அந்நிய வைத்தியம். பேசாமல் இருந்து, சடங்கால் நெஞ்சைக் குளிரவைத்து, சேர்ந்து வாழ்வதே அவர்கள் முறை என்றார். இது வெளியாரின் காதல் பார்வை என்று சொல்பவர்களும் உண்டு. ஊர் மௌனமாக இருப்பதில் யாருடைய விருப்பம் இருக்கிறது, பாதிக்கப்பட்ட பெண்ணுடையதா, ஊர்த் தலைவருடையதா என்ற கேள்வியை எளிதாகத் தாண்டிவிட முடியாது.

ஆணையத்துக்கும் மௌனத்துக்கும் நடுவே ஒரு வழி தேடியவர் ஜான் கால்கர் என்ற மனித உரிமைச் செயல்பாட்டாளர். அவர் 2008இல் போர் தொடங்கிய கைலாஹுன் பகுதியிலிருந்தே 'ஃபம்புல் டோக்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். கிரியோ மொழியில் குடும்பப் பேச்சு. இரவில் ஊர் நடுவே பெருநெருப்பு மூட்டி, பாதிக்கப்பட்டவர் எழுந்து நடந்ததைச் சொல்வார். செய்தவன் முன்னால் வந்து ஒப்புக்கொள்வான். மறுநாள் முன்னோர்க்குப் படையலும் கூட்டு விருந்தும்.

இந்த வகை நிகழ்வுகள் உண்மையில் என்ன செய்கின்றன என்பதைப் பொருளியலாளர்கள் ஜேக்கபஸ் சிலியர்ஸ், ஓயிந்திரிலா துபே, பிலால் சித்திகி மூவரும் கறாராக அளந்தார்கள். 200 கிராமங்களில் பாதியைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து அங்கே நெருப்பு மூட்டவைத்து, மறுபாதியுடன் ஒப்பிட்டார்கள். முடிவு 2016இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. நிகழ்வு நடந்த ஊர்களில் மன்னிப்பு கூடியது. முன்னாள் போராளிகள் மீது நம்பிக்கை கூடியது. பள்ளிக்கும் பொதுக் காரியத்துக்கும் மக்கள் அதிகம் கொடுத்தார்கள். அதே ஊர்களில் மனச்சோர்வும் பதற்றமும் அதிர்ச்சி நோயின் அறிகுறிகளும்கூடக் கூடின. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தபோதும் இரண்டு விளைவுகளும் அப்படியே இருந்தன. ஊருக்கு லாபம், ஆளுக்கு நட்டம்.

நல்லிணக்கம் பற்றிய எழுத்துகளில் 'உண்மையைச் சொன்னால் காயம் ஆறும்' என்று எத்தனை முறை படித்திருப்போம். அந்த ஆய்வு அதைக் கவிழ்த்தது. காயத்தை ஒரே இரவில் திறந்து காட்டச் சொல்லிவிட்டு, மறுநாள் விருந்து முடிந்ததும் ஏற்பாட்டாளர்கள் வண்டி ஏறிவிட்டால், திறந்த காயத்தை யார் பார்ப்பது? அந்த நாட்டில் நீண்ட காலம் ஒரே ஒரு மனநல மருத்துவர்தான் இருந்தார். ஆய்வாளர்கள் நல்லிணக்க நிகழ்வே வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த மனச்சுமையைக் குறைக்கும்படி அதைத் திருத்தி அமைக்க வேண்டும் என்றார்கள். அதற்குப் பணம் வேண்டும், ஆள் வேண்டும், ஆண்டுக்கணக்கில் கூட இருக்க வேண்டும்.

ஆணையத்தின் 2004 அறிக்கைப் பரிந்துரைகளில் எவை நிறைவேறின என்று பார்த்தால் இதே கணக்கு இன்னும் தெளிவாகிறது. பத்திரிகையாளர்களைச் சிறையில் தள்ளிய குற்றவியல் அவதூறுச் சட்டப்பிரிவு 2020இல் நீக்கப்பட்டது. மரண தண்டனை 2021இல் ஒழிக்கப்பட்டது. பொதுப் பதவிகளில் பெண்களுக்கு 30 சதவீதம் என்ற சட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்தது. பதினாறு, பதினேழு, பத்தொன்பது ஆண்டுகள் பிந்தினாலும் வந்தன. கருவூலத்திலிருந்து அதிகம் எடுக்கத் தேவையில்லாதவை இவை.

கை கால் இழந்தோருக்கு வாழ்நாள் ஓய்வூதியம், இலவச மருத்துவம் என்று ஆணையம் கேட்டவற்றின் கதை வேறு. போரில் பாதிக்கப்பட்டோருக்கான நிதியை 1999 லோமே ஒப்பந்தமே வாக்களித்திருந்தது. முறையாகத் தொடங்கப்பட்டது 2009இல். பதிவு செய்துகொண்டவர்கள் முப்பதாயிரத்துக்கும் மேல். பெரும்பாலோருக்குக் கிடைத்தது ஒரே ஒரு தவணை, ஏறத்தாழ 100 டாலர். துப்பாக்கியைக் கொடுத்தவனுக்கு அறிவிக்கப்பட்ட தொகையில் மூன்றில் ஒரு பங்கு.

ஆயுதம் களையும் திட்டம் தவிர்க்க முடியாதது. துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு முதலில் பணம் தராவிட்டால் போர் முடியாது என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. அந்தத் திட்டத்துக்கு உலக வங்கி முதல் பிரிட்டன் வரை நிதி தந்தன. நீதிமன்றத்துக்கு அமெரிக்காவும் ஐரோப்பாவும் தந்தன. பாதிக்கப்பட்டோர் நிதிக்கு ஐ.நா.வின் அமைதிக் கட்டமைப்பு நிதியிலிருந்து வந்த தொடக்கத் தொகை 30 லட்சம் டாலர். சியரா லியோன் அரசு ஆண்டுதோறும் தன் பங்கைச் சேர்க்கும் என்ற எதிர்பார்ப்பில் அது தரப்பட்டது.

அந்தப் பங்கு ஒழுங்காக வந்து சேரவில்லை.